தெர்மாமீட்டரும் ஒரு தராசுதான்!

முள் நேராக நிற்காத தராசில் நாம் ஒரு கிலோ சர்க்கரை கூட நிறுத்துக் கொடுப்பதில்லை. ஆனால் வீட்டில் பிள்ளைக்கு உடம்பு சுட்டால், நெற்றிக்கு நேரே கருவியை ஒருமுறை அழுத்திவிட்டு, அது காட்டும் எண்ணை அப்படியே நம்பி விடுகிறோம். மருத்துவரிடம் போவதா, கடையைத் திறக்கப் போவதா என்பதை அந்த ஒரு எண்தான் முடிவு செய்கிறது.

விழுப்புரம், திண்டிவனம் வணிகர்களில் பலர் இக்கருவியை முதன்முதலில் கையில் எடுத்தது 2020ஆம் ஆண்டு கொரோனா காலத்தில்தான். அவ்வாண்டு மே 5ஆம் தேதி கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. அங்கிருந்து திரும்பிய தொழிலாளர், வியாபாரிகள் வழியாக நம் மாவட்டத்திலும் நோய் பரவியதை எவரும் மறந்திருக்க முடியாது. தொற்று இருந்தும் காய்ச்சல் இல்லாதவரை இக்கருவியால் கண்டுகொள்ள இயலாது என்பது அன்று நாம் கற்ற பாடம். கருவியின் எல்லையை அறிந்து கையாண்டால்தான் பயன் உண்டு.

எப்படி வேலை செய்கிறது?

உடம்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் வெளிப்படுகிறது. அதை அளந்து வெப்பத்தைக் கணக்கிடுகிறது கருவி. நெற்றிக் கருவி தோலைப் பார்க்கிறது. காதுக் கருவி செவிப்பறையைப் பார்க்கிறது. வெயிலும் காற்றும் தோலை எளிதில் மாற்றிவிடும். ஆகவே நெற்றியில் பார்க்கும்போது கூடுதல் கவனம் தேவை.

நெற்றியில் பார்க்கும்போது

வெயிலிலிருந்து வந்தவுடன் பார்க்கக் கூடாது. வீட்டுக்குள் 15 முதல் 30 நிமிடம் அமர்ந்த பிறகே பார்க்க வேண்டும். கருவியும் அதே அறையில் அவ்வளவு நேரம் இருக்க வேண்டும். மின்விசிறிக்கு நேர் எதிரே உட்கார்த்தக் கூடாது.

வியர்வை, எண்ணெய், திருநீறு, சந்தனம் ஆகியவற்றைத் துடைத்து, முடியை ஒதுக்கிவிட வேண்டும். ஈர நெற்றி உண்மையை விடக் குறைவாகவே காட்டும்.

எவ்வளவு தூரத்தில் பிடிப்பது என்பது கருவிக்குக் கருவி மாறும். கூடவே வரும் தாளைப் படியுங்கள். சில கருவிகளில் 'உடல்', 'பொருள்' என இரு நிலைகள் உண்டு. பொருள் நிலையில் இருந்தால் காய்ச்சல்காரருக்கும் காய்ச்சல் இல்லை என்று காட்டிவிடலாம்.

இவ்வகைக் கருவிகள் பொதுவாக 16 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலுக்கே செய்யப்பட்டவை. நம்மூர் கத்திரி வெயிலில் தகரக் கூரைக் கிடங்கில் நின்று பார்த்தால் சரியான அளவு கிடைக்காது.

காதில் பார்க்கும்போது

காதின் துவாரம் வளைந்தது. பெரியவர்களுக்குக் காது மடலை மேலும் பின்னுமாக இழுக்க வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு நேர் பின்னால் இழுத்தால் போதும். அப்போதுதான் கருவி செவிப்பறையைப் பார்க்கும். குரும்பி அடைத்திருந்தாலும், அந்தப் பக்கமே தலையணையில் அழுத்திப் படுத்திருந்தாலும் அளவு மாறும். காதில் வலியோ சீழோ இருந்தால் அந்தக் காதில் வைக்கக் கூடாது. ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்குக் காதுக் கருவி ஏற்றதல்ல.

எண்ணை எப்படிப் படிப்பது?

வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கும் ஒரு நாளில் ஒவ்வொருவருக்கும் பார்த்துக் குறித்து வையுங்கள். தட்டில் சரக்கு வைக்கும் முன் தராசைச் சரிபார்ப்பது போன்றதே இது. ஒரே முறையில், ஒரே இடத்தில் மூன்று முறை பாருங்கள். எண்கள் பெரிதும் மாறினால் கருவியின் கண்ணைத் துடைத்து, பேட்டரியைப் பார்த்து, மீண்டும் தொடங்குங்கள். ஐயம் தீராவிட்டால் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

100.4 டிகிரி பாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ், அதற்கு மேல் இருந்தால் காய்ச்சல். மூன்று மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு இந்த அளவு வந்தால் காத்திருக்கக் கூடாது.

மழைக்காலத்தில் மற்றோர் எச்சரிக்கையும் தேவை. டெங்குவில் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தான நேரம். எண் இறங்கியும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, இரத்தக் கசிவு, சோர்வு இருந்தால் திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உடனே செல்லுங்கள். 108 ஆம்புலன்சை அழைக்கலாம்.

விற்பவர் கவனத்திற்கு

தெர்மாமீட்டர் இன்று மருத்துவக் கருவி விதிகளுக்குள் வருகிறது. 2022இல் வந்த திருத்தத்தின்படி, மருந்து விற்பனை உரிமம் இல்லாதவர் இதனை விற்பதற்குப் பதிவுச் சான்று பெற வேண்டும். மளிகைக் கடையில் மற்ற சரக்கோடு வாங்கி அடுக்கி விற்பது வம்பை விலைக்கு வாங்குவதாகும்.

எடையில் குறை வந்தால் வாடிக்கையாளர் வந்து கேட்பார். காய்ச்சல் அளவில் தவறு நேர்ந்தால் கேட்க ஆளில்லை. நம் வீட்டுப் பிள்ளைதான் துன்பப்படும். தராசுக்குக் காட்டும் அக்கறையை இதற்கும் காட்டுவோம்.