பழைய பற்றறியைச் சோதித்து வாங்குவோம்

மின்சாரம் எட்டாத வீட்டிலும், எட்டியும் அடிக்கடி நின்றுபோகும் வீட்டிலும் ஒரு 12 வோல்ற் பற்றறியும் இரண்டு சிறு விளக்குகளும் பெரும் உதவியாகும். 1990இன் பின் யாழ். குடாநாட்டில் மின்சாரம் இல்லாமற்போய், பற்றறிகளும் தடைசெய்யப்பட்ட காலத்தில், எம்மவர் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை மின்வெட்டு நீடித்தது. ஆகவே, சொந்தமாகச் சிறு மின் ஏற்பாடு ஒன்றை வைத்திருப்பது ஆடம்பரமன்று.

கூலி வேலையில் வாழும் இடம்பெயர்ந்த குடும்பத்துக்குப் புதிய பற்றறி வாங்குவது எளிதல்ல. உழவு இயந்திரத்திலோ லொறியிலோ இருந்து கழற்றிய பழையதையே தேடுகிறோம். விற்பவர் மீற்றரை வைத்து, "12.6 காட்டுகிறது, நல்ல பற்றறி" என்பார். இதை நம்பிக் காசைக் கொடுக்கலாமா?

தூர்ந்த குளம்

குளம் தூர்ந்து கிடந்தாலும் மாரிக்குப் பின் அணைக்கட்டில் நின்று பார்த்தால் நீர்மட்டம் நிறைந்தே தெரியும். ஆனால் இரண்டு தண்ணீர் பாய்ச்சுவதற்குள் அது வற்றிவிடும். பற்றறியும் அப்படியே. வோல்ற் என்பது மட்டம். எவ்வளவு மின் இருக்கிறது என்பதை அது சொல்லாது. பழைய பற்றறியில் ஈயத்தகடுகளின் பசை உதிர்ந்து அடியில் படிகிறது. மின்னேற்றாமல் நெடுநாள் கிடந்தால் தகடுகளில் வெண்படிவும் இறுகுகிறது. மட்டம் சரியாக இருக்கும், கொள்ளளவு குறைந்திருக்கும்.

நான்கு சோதனைகள்

1. கண்ணால் பார்த்தல். பெட்டி வீங்கியோ வெடித்தோ இருந்தால், முனைகள் ஆடினால், வாங்க வேண்டாம். மூடிகளைத் திறந்து பாருங்கள். நீர் தகடுகளை மூடி நிற்க வேண்டும். ஏதேனும் ஓர் அறையில் நீர் சேறுபோலக் கலங்கியிருந்தால் அதையும் தவிருங்கள்.

2. வோல்ற் அளத்தல். முழுமையாக மின்னேற்றி, ஓர் இரவு சும்மா விட்டபின் அளக்க வேண்டும். மின்னேற்றியதும் அளந்தால் பொய்யான உயர்வு காட்டும். 12.6 அல்லது அதற்கு மேல் என்றால் நிறைவு, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி, 11.9க்குக் கீழ் என்றால் வெறுமை. பற்றறியில் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ற் தரும். முழுக்க மின்னேற்றியும் 10.5 அளவிலேயே நின்றால் ஓர் அறை செத்துவிட்டது என்று கொள்ளலாம்.

3. அமிலத்தின் அடர்த்தி பார்த்தல். நீரடர்த்திமானியால் ஆறு அறைகளையும் தனித்தனியே பாருங்கள். 1.265 நிறைவையும் 1.190 பாதியையும் 1.120 வெறுமையையும் குறிக்கும். அறைக்கு அறை 0.050க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தப் பற்றறி நெடுநாள் வராது. தண்ணீர் விட்டவுடன் இதை அளக்கக் கூடாது.

4. குமிழ் எரித்தல். உண்மையைச் சொல்வது இதுதான். வாகனத்தின் பிரேக் விளக்குக்குப் போடும் 12 வோல்ற், 21 வாற் குமிழ் ஒன்றை எடுங்கள். அது ஏறக்குறைய 1.75 அம்பியர் இழுக்கும். நிறைவாக மின்னேற்றிய பற்றறியில் அதை எரியவிட்டு நேரத்தைக் குறியுங்கள். குமிழ் எரியும்போதே வோல்ற்றை அளந்து, 10.5க்கு வந்ததும் நிறுத்துங்கள். 35 அம்பியர்-மணி கொண்ட புதிய பற்றறி ஏறத்தாழ 20 மணித்தியாலம் எரிக்கும். 10 மணித்தியாலம் எரித்தால் பாதிக் கொள்ளளவு உண்டு. சோதனை முடிந்த அன்றே திரும்ப மின்னேற்றுங்கள். வெறுமையாக விட்டால் பற்றறி கெடும். குமிழ் சுடும், கிடுகு, துணி அருகில் வைக்க வேண்டாம்.

கணினிக்கான பழைய மின்காப்புப் பெட்டிகளில் வரும் 7 அம்பியர்-மணி பற்றறிக்கு 5 வாற் குமிழ் போதும். நல்லதாயின் சுமார் 16 மணித்தியாலம் எரியும்.

விற்பவர் அவ்வளவு நேரம் விடாவிட்டால், லொறி, உழவு இயந்திரப் பற்றறிகளில் 55 வாற் முன்விளக்குக் குமிழை அரை மணித்தியாலம் எரித்துப் பாருங்கள். அதற்குள் 11.5க்குக் கீழ் இறங்கினால் வேண்டாம்.

எமக்கு எவ்வளவு தேவை?

3 வாற் எல்.ஈ.டி விளக்குகள் இரண்டு, 5 மணித்தியாலம் எரிய 30 வாற்-மணி. கைத்தொலைபேசிக்கு 15. மொத்தம் 45. இதை 12ஆல் பிரித்தால் ஏறக்குறைய 4 அம்பியர்-மணி. பற்றறியைப் பாதிக்கு மேல் வெறுமையாக்காமல் இருந்தால் அது நெடுநாள் உழைக்கும். எனவே 8 அம்பியர்-மணி போதும். மேலே சொன்ன 35 அம்பியர்-மணிப் பற்றறி பாதியாகக் குறைந்திருந்தாலும் இத்தேவைக்கு இருமடங்கு உதவும். இயந்திரத்தைக் கிளப்ப முடியாத பற்றறி வீட்டுக்கு வெளிச்சம் தரலாம். ஆனால் அறை செத்த பற்றறி எதற்கும் உதவாது. இந்த வேறுபாட்டை அறிந்தவரை எவரும் ஏமாற்ற முடியாது.

பாதுகாப்பு

மின்னேற்றும்போது ஐதரசன் வாயு வெளிவரும். சிறு பொறியே அதை வெடிக்கச் செய்யும். காற்றோட்டமான இடத்தில், அடுப்பு, குப்பி விளக்கு, பீடி ஆகியவற்றுக்குத் தொலைவில் வையுங்கள். அமிலம் கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் தொடர்ந்து கழுவி, வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரையே விடுங்கள். அமிலம் விடக் கூடாது. நேர் முனைக்கு அருகே 10 அம்பியர் பியூஸ் ஒன்று கட்டாயம். செத்த பற்றறியை ஈயத்துக்காக உடைக்கவோ உருக்கவோ வேண்டாம். ஈயத்தூளும் புகையும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பழைய பற்றறி எடுப்பவரிடம் முழுதாகவே கொடுத்துவிடுங்கள்.

ஒவ்வொரு வீடும் மீற்றர் வாங்க வேண்டியதில்லை. உங்கள் சங்கம் ஒரு மீற்றரையும் ஒரு நீரடர்த்திமானியையும் இரண்டு குமிழ்களையும் பொதுவில் வாங்கி வைக்கலாம். பற்றறியின் மேல் சோதித்த திகதியையும் குமிழ் எரிந்த மணித்தியாலத்தையும் எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் சோதித்து, இரண்டு கணக்குகளையும் ஒப்பிடுங்கள். பற்றறி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது முன்கூட்டியே தெரியும்; அடுத்ததற்குக் காசு சேர்க்கவும் அவகாசம் கிடைக்கும்.