அம்மாவின் நாள் கணக்கு

(இரண்டாம் ஆண்டு விலங்கியல் மாணவி)

நாளமில்லாச் சுரப்பிகள் பாடம் நடந்த அன்று எங்கள் வகுப்பில் தலைநிமிர்ந்து இருந்தவர்கள் சிலரே. மாணவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டனர். மாணவியராகிய நாங்கள் குறிப்பேட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தேர்வில் வரும் என்றுதான் நானும் எழுதிக்கொண்டேன். அந்தப் பாடம் எங்கள் வீட்டுக்கே வந்து சேரும் என்று நினைக்கவில்லை.

பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சூலகங்களில் ஏறத்தாழ 10 முதல் 20 லட்சம் முதிரா முட்டைகள் உள்ளன. பூப்பெய்தும்போது எஞ்சுபவை மூன்று, நான்கு லட்சமே. வாழ்நாளில் முதிர்ந்து வெளிப்படுபவையோ சுமார் 400தான்.

மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி சூலகத்தைத் தூண்டுகிறது. முட்டை முதிரும்போது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்படலத்தைத் தடிக்கச் செய்கிறது. முட்டை வெளிப்பட்ட பின் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் அப்படலத்தை நிலைநிறுத்துகிறது. கரு தங்காவிட்டால் இரண்டும் குறைந்து, படலம் சிதைந்து குருதியோடு வெளியேறுகிறது. 28 நாள் என்பது சராசரியே. 21 முதல் 35 நாள் வரை இயல்புதான்.

பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் முட்டை வெளிப்படாமலே விலக்கு வருவதுண்டு. அதனால் நாள் தவறும். ஒன்பதாம் வகுப்பில் எனக்கு நாற்பது நாள் தள்ளிப்போனபோது பாட்டி மந்திரித்த கயிறு கட்டினாள். கயிறு இல்லாமலும் அது சரியாகியிருக்கும்!

நாற்பது வயதைக் கடந்ததும் முட்டைகளின் கையிருப்பு தீரத் தொடங்குகிறது. சூலகம் பதில் தராததால் பிட்யூட்டரி இன்னும் உரக்கக் கூப்பிடுகிறது எனலாம். அதன் தூண்டு ஹார்மோன் இரத்தத்தில் உயர்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது உடல் வெப்பத்தைச் சீராக வைக்கும் மூளைப்பகுதி தடுமாறுகிறது. மார்கழிக் குளிரில் அம்மா வியர்த்து எழுந்து திண்ணையில் உட்கார்ந்தது இதனால்தான். நாங்களோ பித்தம் என்று சொல்லிச் சுக்குக் கஷாயம் கொடுத்தோம்.

தொடர்ந்து 12 மாதங்கள் விலக்கு வராவிட்டால் அதனை மாதவிடாய் நிறைவு என்பர். அம்மாவுக்கு 48 வயதில் நின்றது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2024 ஐப்பசியில், கொடியில் உலர்ந்த பழைய துணிகளைப் பார்த்துக் கேட்டேன்.

"நின்னது திரும்ப வந்திருக்கு பாப்பா. ஒடம்புல இன்னும் தெம்பு இருக்குதுன்னு அர்த்தம்" என்றாள். நான்கு மாதங்களாக யாரிடமும் சொல்லாமல் களையெடுக்கப் போய்வந்திருக்கிறாள்.

நிறைவுக்குப் பின் ஒரு துளி குருதி கண்டாலும் அது விலக்கு அன்று, உடனே காரணம் அறிய வேண்டும் என்று பேராசிரியை சொன்னது என் குறிப்பேட்டில் இருந்தது. பெரும்பாலோருக்குச் சாதாரணக் காரணமே இருக்கும். ஆனால் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் கருப்பை உட்படலப் புற்றுநோய் இருக்கலாம். தொடக்கத்திலேயே கண்டால் பெரும்பாலும் குணப்படுத்தலாம்.

"இதைப் போயி டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றது?" என்ற அம்மாவை ஒருநாள் கூலியை விடச் செய்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். ஸ்கேன் எடுத்து, திசுவையும் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வந்தது, தீங்கற்ற ஒரு சிறு பாலிப். அதை அகற்றிவிட்டார்கள்.

இப்போது களத்துமேட்டில் அம்மா தன் வயதுப் பெண்களிடம், "ஒனக்கு நின்னு எத்தனை மாசம் ஆச்சு?" என்று வெளிப்படையாகவே கேட்கிறாள். சென்ற மாதம் அடுத்த தெரு அத்தையை அவளே மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள்.