ஆடிப் படியும் அதன் எல்லையும்: சீனன்குடாத் தாங்கிகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

சேமிப்பைப் பற்றிச் சிந்திப்போருக்குச் சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள் நல்லதோர் எடுத்துக்காட்டாகும். பிரித்தானியக் கடற்படையின் தேவைக்கென இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் கட்டத் தொடங்கப்பட்ட இத்தாங்கிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளத்தக்கவை. இடைவெளி விட்டு அமைக்கப்பட்டவை. 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது தாங்கியொன்று எரிந்தழிந்தது. ஏனையவற்றுட் பெரும்பாலானவை இன்றும் நிற்கின்றன. அழிந்த எண்ணெயை வேறு எண்ணெய் ஈடுசெய்யும். ஆவணத்துக்கு இது பொருந்தாது. இடம்பெயர்ந்து மீண்ட உழவனின் காணி உறுதிக்கு மற்றொருவனின் உறுதி ஈடாகுமா? எனவே எழுத்தைக் காப்போர் பிரித்துவைத்தலோடு நில்லாது படியெடுத்தும் வைக்க வேண்டியவராகின்றனர்.

சேவையகக் கணினிகளில் இப்படியெடுப்பை இடையறாது செய்வது ரெயிட் கட்டுப்படுத்தி எனப்படும் கருவியாகும். 1988 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகியோர் வெளியிட்ட கட்டுரை இம்முறைகளை வகுத்து எண்ணிட்டது. அவர்கள் முதலாவதாக எண்ணிட்ட ஆடிப் படி முறை அதற்கு முன்னரே வழக்கிலிருந்ததுதான். எழுதப்படுவது யாவும் இரு வன்தட்டுகளில் ஒருங்கே பதியும். ஒன்று பழுதானால் மற்றையது பணியைத் தொடரும். நான்கு தெராபைற்றுத் தட்டுகள் இரண்டை இணைத்தால் நமக்குக் கிட்டுவது நான்கு தெராபைற்றே. அளவு வேறுபடின் சிறியதன் அளவே கணக்காகும்.

அமைப்பது எளிது, பேணுவதே அரிது. ஒரு தட்டு பழுதான பின்னரும் கணினி வழமைபோல் இயங்குவதால் எவரும் அதனை உணர்வதில்லை. எச்சரிக்கை ஒருவரின் மின்னஞ்சலுக்கேனும் சென்றடையும்படி செய்யாத ஆடிப் படி, பெயரளவிலேயே ஆடிப் படி. புதிய தட்டை இட்டதும் மீளாக்கம் பல மணி நேரம் நீடிக்கும். அவ்வேளை எஞ்சிய தட்டு தனித்து நிற்கின்றது. இரண்டும் ஒரே தொகுதியில் உற்பத்தியாகி ஒரே அளவு உழைத்தவையாயின் அதுவும் அப்பொழுதே சோர்வுறக்கூடும். வெவ்வேறு தொகுதித் தட்டுகளை வாங்குவதும், மாற்றுத் தட்டொன்றை முன்னரே பொருத்திவைப்பதும், குறைபாடுள்ள பகுதிகளைக் கண்டறியும் வாசிப்புச் சோதனையைக் காலந்தோறும் நடத்துவதும் இதனாலேயே வற்புறுத்தப்படுகின்றன.

கட்டுப்படுத்தியே பழுதடைந்தால் அதே இனத்துப் புதியதொன்று தட்டுகளிலுள்ள அமைப்பைப் படித்து ஏற்கும். அவ்விடத்தில் ‘ஏற்க’ என்பதற்குப் பதிலாகப் ‘புதிதாக அமைக்க’ என்பதைத் தெரிந்தால் யாவும் போயிற்று. மின்சாரமும் கருதற்பாலது. 2022 மார்ச்சு இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை நாம் மறந்திலம். கட்டுப்படுத்தியின் இடைநினைவகத்துக்கு மின்கலக் காப்பு இல்லையெனில், எழுதுவதை உடனுக்குடன் தட்டுக்கே அனுப்பும்படி அமைப்பதே முறை. வேகம் குறையும், குறையட்டும்.

இனி அதன் எல்லை. ஆடி காட்டுவது எதிரிலுள்ளதையே. தவறுதலாக அழித்த கோப்பு இரு தட்டுகளிலும் ஒரே கணத்தில் அழியும். தீங்கு நிரல் குலைத்ததும் அவ்வாறே. மேலும் இரு தட்டுகளும் ஒரே பெட்டியில், ஒரே கூரையின்கீழ் உள்ளன. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றின் இரண்டாம் படிகள் அடுத்த அலுமாரியில் இருந்திருப்பினும் பயன் இராது. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத் திட்டம் ஈழத்து எழுத்துகளைப் பலரும் தத்தம் இடத்திற் படியெடுத்துக்கொள்ளத்தக்க வடிவிற் பரப்பியமை இவ்வகையில் தனிச்சிறப்புடையது.

சீனன்குடாவில் ஒரு கூட்டுறவுச் சங்கம் தன் பதிவுகளைக் காக்க விழையின், ஆடிப் படிக்கு மேலதிகமாக மூன்றாம் படியொன்றை, 2004 ஆழிப்பேரலை போன்றதொன்று எட்டாத உள்நாட்டு நகரில், வலையிணைப்பினின்றும் துண்டித்து வைத்தல் வேண்டும். திங்கள்தோறும் அதிலிருந்து சில கோப்புகளையேனும் வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து பார்த்து, பார்த்தவர் பெயரையும் நாளையும் ஏட்டில் குறித்தல் வேண்டும்.