சிமெண்ட் கேட்காத கிணறு

மூன்று வருஷம் முன்னாடி ஐப்பசி மழையில் எங்கள் தோட்டத்து வட்டக் கிணற்றின் மேல்கட்டு, கிழக்குப் பக்கம் பத்தடி அகலத்துக்குச் சரிந்து உள்ளே விழுந்தது. விழுந்தது தாத்தா கட்டியது இல்லை. அப்பா காலத்தில் சிமெண்ட் கலவை வைத்துப் புதுப்பித்த பகுதி. அதற்கு இருபுறமும் தாத்தா வெறும் கல்லை அடுக்கிக் கட்டியது அசையவே இல்லை.

அந்தச் சிமெண்ட் யோசனையைச் சொன்னவன் நான்தான். அப்போ வங்கியில் விவசாயக் கடன் பார்த்துக்கொண்டிருந்தேன். சிமெண்ட் மூட்டைக் கணக்கு இல்லாத கிணற்று மதிப்பீட்டைத் திருப்பி அனுப்பியதும் உண்டு.

இந்தத் தடவை பக்கத்து ஊரிலிருந்து எழுபது தாண்டிய ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்தேன். எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி வர்ற வழியை அடைச்சுப் போட்டீங்க சார், அது செவுத்தைத் தள்ளிப்போட்டுதுங்க" என்றார். அவ்வளவுதான் விஷயம். மழையில் ஊறிய மண்ணுக்குள் தண்ணீர் சேர்ந்து அழுத்துகிறது. கல் இடுக்கு வழியாகக் கசிந்துவிட்டால் அழுத்தம் இல்லை, கிணற்றுக்கும் தண்ணீர். பூசி மூடினால் இரண்டும் கெட்டது.

விழுந்த கல்லையே மேலே ஏற்றி அவர் அடுக்கியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கீழ் வரிசையில் இரண்டு கல் சேரும் இடத்தின் மேல் ஒரு முழுக்கல். இடையிடையே நீளக்கல்லை மண்ணுக்குள் போகும்படி படுக்கவைத்தார். ஆடும் கல்லுக்குச் சில்லு வைத்து இறுக்கினார். பின்பக்கம் சரளை கொட்டினார், தண்ணீர் வரும், மண் வராது. வட்டக் கட்டில் மண் தள்ளத் தள்ளக் கற்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்கின்றன. கல் நசுக்கலைத் தாங்கும், வளைவைத்தான் தாங்காது. கோயில் மண்டபங்களில் அத்தனை தூண்களை நெருக்கி நிறுத்தியது அதனால்தான். நீளமான கல் உத்தரம் நடுவில் முறிந்துவிடும்.

கல்லணையிலும் கரிகாலன் காலத்து வேலை பசையை நம்பியது இல்லை. காவிரியில் அந்த இடத்தில் தோண்டத் தோண்ட மணல். பெரிய கல்லைப் போட்டால் மணல் அரித்து இறங்கும், அதன் மேல் இன்னொன்று. இறங்குவது நிற்கும்வரை போட்டு, இடையில் களிமண். 1830-களில் காவிரியில் வேலை செய்த ஆர்தர் காட்டன், ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடுவதை இதைப் பார்த்துத்தான் கற்றோம் என்று எழுதி வைத்தார். பிறகு கோதாவரியில் தவளேசுவரம் அணைக்கு அந்தப் பாடம் உதவியது.

இதைப் படித்துவிட்டு யாரும் குவாரிக்கு லாரி அனுப்ப வேண்டாம். சுண்ணாம்புக்கல்லை 1,400 டிகிரிக்கு மேல் சுட்டு எடுக்கும் சிமெண்டைவிடக் கல் மேல்தான். ஆனால் வெடி வைத்துத் தோண்டும் ஆழக்குழி சுற்றுக் கிணறுகளின் ஊற்றை இழுத்துவிடும். அந்தக் கல்லை இயற்கை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இடிந்த கிணறு, பழைய களம், வரப்போரம் கிடப்பது, இவை போதும். பழைய கல்லை டிராக்டர் லோடுக்கு விலை பேச ஆள் வந்தால் கொடுத்துவிடாதீர்கள்.

எனக்குக் கூலி மட்டும்தான் செலவு, பதினோரு நாள். இப்போது பராமரிப்பு என்றால், கல் இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றை வேர் தடிக்கும் முன் பிடுங்குவது. போன மாசம் நாலு பிடுங்கினேன்.