பாசறையும் விண்கலமும்: விலக்குடைய காதலைத் தமிழில் பெயர்த்தல்

கொல்கத்தாவின் தென்பகுதியிலுள்ள காளிகாட், கோயிலாலும் பட ஓவியங்களாலும் பெயர்பெற்ற இடம். 1873இல் வங்கத்தை உலுக்கிய தாரகேசுவர வழக்கில், எலோகேசி என்னும் இளம்பெண்ணுக்கும் மடத்தலைவருக்கும் இருந்த தொடர்பும், அதனையறிந்த கணவன் அவளைக் கொன்றதும் பெரும் செய்தியாயின. காளிகாட் பட்டுவா ஓவியர்கள் அந்நிகழ்ச்சியைத் தொடர்படங்களாக வரைந்து விற்றனர். விலக்குடைய உறவு மக்கள் கலையின் பொருளாவதற்கு நல்ல சான்று இது. இதே காளிகாட்டில்தான் பின்னாளில் பிரேமேந்திர மித்ரா (1904–1988) வாழ்ந்தார். வங்காள அறிவியல் புனைகதையின் முன்னோடிகளுள் ஒருவர் அவர். எனினும், விலக்குடைய காதலை விண்வெளிக்கு ஏற்றிச் செல்லும் வேலையை அவர் எழுத்து மேற்கொள்ளவில்லை. அதற்கான காரணம் மொழிபெயர்ப்பாளர் அறியத்தக்கது.

மித்ராவின் புகழ்பெற்ற பாத்திரமான கனாதா 1945இல் அறிமுகமானவர். வனமாலி நஸ்கர் சந்தின் 72ஆம் எண் மெஸ் வீட்டில் இளைஞர்களுக்குக் கதையளந்து வாழ்பவர். அவ்வீட்டில் குடியிருப்போர் அனைவரும் ஆடவர். தொடக்ககால வங்காள அறிவியல் புனைகதையின் பெரும்பகுதி சிறுவர் இதழ்களுக்காகவே எழுதப்பட்டது. ஆகவே காதலுக்கு அங்கு இடம் அரிது. ஆனால் பெயரிடுமுறையில் அவர் விட்டுச்சென்ற பாடம் பெரிது. எறும்புகள் மனித இனத்தை வெல்லும் எதிர்காலக் கதைக்கு அவர் இட்ட பெயர் ‘பிப்ரே புராண்’, அதாவது எறும்புப் புராணம். அணுப்பேரழிவிற்குப் பிற்பட்ட உலகைக் கூறும் நாவலுக்கு ‘மனு த்வாதச’, பன்னிரண்டாம் மனு. வரவிருக்கும் காலத்தைச் சொல்லப் பழங்காலத்தின் சொல்லையே அவர் நாடினார். அத்ரீஷ் பர்தன் உருவாக்கிய ‘கல்பவிஞ்ஞான்’ என்னும் வகைப்பெயரும் இத்தன்மையதே. ‘கல்ப’ என்பதில் கற்பனையும் உண்டு, ஊழியைக் குறிக்கும் கற்பமும் உண்டு. தமிழின் ‘அறிவியல் புனைகதை’ என்னும் தொடரில் இவ்விரட்டைப் பொருள் இல்லை. பொருள் தெளிவாக இருக்கிறது, ஒலிப்பில்தான் வறட்சி.

படைப்பிரிவு, விண்வெளி, விலக்குடைய காதல் ஆகிய மூன்றும் ஒருங்கே வரும் கதைவகை ஆங்கிலத்தில் செழித்தது. லோயிஸ் மக்மாஸ்டர் புஜோல்டின் ‘ஷார்ட்ஸ் ஆஃப் ஆனர்’ (1986) அதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஆய்வுக் கலமொன்றின் தலைவி கோர்டீலியாவும், பகையுலகின் படையதிகாரி ஆரல் வோர்கோசிகனும் ஒரு புதிய கோளில் சிக்குண்டு, ஒருவர்மீது ஒருவர் காதல் கொள்கின்றனர். அவள் அவனுடைய கைதியும் ஆவாள். இத்தகைய நூலைத் தமிழாக்கத் துணிபவர் முதலில் சந்திக்கும் இடர்ப்பாடு, ‘விலக்கு’ என்னும் கருத்திற்கே சொல் தேடுவது.

நாளிதழ்கள் ‘கள்ளக்காதல்’ என்றும் ‘தகாத உறவு’ என்றும் எழுதும். முன்னது இன்று மணத்திற்குப் புறம்பான உறவையும், பெரும்பாலும் குற்றச் செய்தியையுமே நினைவூட்டும். ‘கள்’ என்னும் அதே வேரிலிருந்து பிறந்த ‘களவு’ அகமரபில் மதிப்புடைய ஒழுக்கம். ஒரே வேர்ச்சொல்லின் ஒரு கிளை இலக்கணத்திலும் மற்றொன்று காவல்நிலையக் குறிப்பிலும் போய்ச் சேர்ந்தது விந்தையே. ஆனால் ‘களவு’ம் இங்குப் பொருந்தாது. களவு மறைவானது, விதியால் விலக்கப்பட்டதன்று. அதற்கு இடையூறு தாயும் ஊரலருமே. பாசறைக் காதலுக்கோ இடையூறு எழுத்திலுள்ள ஆணை. ‘விலக்குடைய காதல்’ என்னும் தொடர் சற்றே செயற்கையாக ஒலித்தாலும், ஆணையின் சாயலைத் தருவதால் அதுவே ஏற்புடையது. தமிழ் அறிவியல் புனைகதையில் இவ்வாணையைப் பிறப்பிப்பது பெரும்பாலும் பாசறையன்று, அரசு. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் குழந்தை பெறுவதற்கும் அரசின் இசைவு வேண்டும்.

பாசறையில் காதலை விலக்கும் விதி தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியக் கற்பியல், பாசறையில் தலைமக்கள் பெண்ணொடு கூடுதல் இல்லை என விதிக்கிறது. அடுத்த நூற்பாவோ, அகத்திற்குப் புறத்தவரான மகளிர்க்கு அது பொருந்தும் என இடம்விடுகிறது. முல்லைப்பாட்டின் பாசறையில் இடையில் வாள் கட்டிய மகளிர் விளக்கேற்றுவதைக் காணலாம். விலக்கு பெண்ணுக்கன்று, மனைவிக்கு என்பது இதனால் விளங்கும். கடல் கடத்தல் மகளிரொடு இல்லை என்னும் மற்றொரு விதி அகத்திணையியலில் உண்டு. இளம்பூரணர் அதனைக் கடற்பயணம் என்றே கொள்வார். நச்சினார்க்கினியர் ஓதல், தூது, பொருள் என்னும் மூவகைப் பிரிவு எனக் கொள்வார். இளம்பூரணர் வழி நிற்பின், கலத்திற்கும் பாசறைக்கும் தனித்தனி விலக்கு இருந்ததாகிறது. படைவிண்கலம் இவ்விரண்டும் ஒன்றான இடம். விண்ணில் செல்லும் ஊர்திக்குத் தமிழ் ‘கலம்’ என்னும் கடற்சொல்லைத் தேர்ந்தது. வங்காளம் ‘மகாகாஷ்யான்’ எனச் செலவையே சுட்டும் ‘யான’த்தைத் தேர்ந்தது. ‘விண்கலம்’ என்று எழுதும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் பழைய விலக்கையும் சேர்த்து ஏற்றிவிடுகிறார்.

நடைமுறையிலும் விண்கலத்தில் இவ்வினா எழுந்ததுண்டு. 1992 செப்டம்பரில் எண்டெவர் விண்ணோடத்தில் சென்ற குழுவில் அமெரிக்க விமானப்படை அதிகாரி மார்க் லீயும் பொறியியலாளர் ஜான் டேவிசும் கணவன் மனைவியர். தம்பதியரை ஒரே பயணத்தில் அனுப்புவது நாசாவின் வழக்கமன்று. குழுவில் சேர்க்கப்பட்ட பின்னரே இவர்கள் மணந்ததால், பயிற்சி முற்றிய நிலையில் அனுமதி கிட்டியது. இந்தியாவில், பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவை உச்ச நீதிமன்றம் 2018இல் நீக்கியது. ஆயினும் அத்தீர்ப்பு படையினர் சட்டங்களைத் தடுக்காது என 2023 சனவரியில் தெளிவுபடுத்தியது. படையொழுங்கு வழக்குகளில் வழங்கும் குற்றச்சாட்டுத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், ‘சகோதர அதிகாரியின் மனைவியின் அன்பைத் திருடுதல்’ என வரும். அன்பு அப்பெண்ணுடையதாக இருக்க, திருட்டுக் கொடுத்தவன் கணவனாகிறான். இதனைத் தமிழில் மென்மைப்படுத்துவது மூலத்திற்குச் செய்யும் உதவியாகாது.

‘சகோதர’ என்னும் சொல்லில் இன்னொரு முடிச்சு உண்டு. படையில் பதவி வேறுபாட்டைக் கடந்த நெருக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ‘ஃப்ராட்டர்னைசேஷன்’. அது இலத்தீனில் உடன்பிறந்தானைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அமெரிக்கப் படைநீதிக் கையேட்டில் அது தனிக் குற்றமாக இடம்பெற்றது 1984இல். அகராதியைப் பார்த்து ‘சகோதரத்துவம்’ என்று எழுதினால், படையில் சகோதரத்துவம் தண்டனைக்குரியது என்றாகிவிடும்! தமிழில் நிலைமை தலைகீழ். ‘அண்ணன்’, ‘தங்கை’ என அழைப்பதே காதலுக்குத் தடை. அத்தான், மாமன், மச்சான் ஆகியவை மணக்கத்தக்க உறவுமுறைகள், அண்ணன் அவ்வாறன்று. வங்காளத்தில் ‘தாதா’ அத்தை மகனையும் பெரியப்பா மகனையும் ஒருசேரத் தழுவும். கனாதாவின் ‘தா’ அதுவே. ஈழப் போராளிகளிடையே மூத்தோரை ‘அண்ணை’, ‘அக்கா’ என அழைப்பது பெருவழக்கு. விடுதலைப் புலிகள் அமைப்பில் தொடக்கத்தில் காதலும் மணமும் விலக்கப்பட்டிருந்தன. தலைவரின் 1984ஆம் ஆண்டுத் திருமணத்தையொட்டி அவ்விதி தளர்ந்தது. அத்தகைய சூழலில் ‘அண்ணை’ என்னும் விளி மரியாதையாகவும் எல்லைக்கோடாகவும் ஒருங்கே நின்றது. ஆகவே ‘பதவி கடந்த நெருக்கம்’ என விளக்கிக் கூறுவதோடு நில்லாது, உரையாடலில் விளிச்சொல் மாறும் இடத்தைக் காட்டுவதே தமிழில் இயல்பாகும்.

மிகக் கடினமான சிக்கல் மூவிடப்பெயரில் எழுகிறது. வங்காளப் படர்க்கைப் பெயர்கள் மதிப்பை வேறுபடுத்துமேயன்றிப் பாலை வேறுபடுத்துவதில்லை. ‘ஷே’ என்பது அவனும் ஆகும், அவளும் ஆகும். வினைமுற்றும் பால்காட்டாது. முன்னிலையில் ‘ஆப்னி’, ‘துமி’, ‘துய்’ என மூன்று படிகள். படைத்தலைவியை ‘ஆப்னி’ என்று அழைத்தவன் ஒருநாள் ‘துமி’ என்று அழைப்பானாயின் காதல் வெளிப்பட்டுவிட்டது. அவள் மதிப்பு கெடவில்லை. தமிழில் ‘நீங்கள்’ ‘நீ’ ஆகும்போது நெருக்கமும் தாழ்வும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. படர்க்கையில் இன்னும் இடர்: கதைசொல்லி ‘தளபதி வந்தார்’ என்று எழுதியவரை, காதலுக்குப் பின் ‘அவள் வந்தாள்’ என்று எழுதினால், காதலித்ததற்குத் தண்டனையாகப் பதவி பறிக்கப்பட்டதுபோல் தோன்றும். ஆணுக்கு இந்நிலை பெரும்பாலும் நேர்வதில்லை. தொடர்கதைகளில் நாயகன் தொடக்கத்திலேயே ‘அவன்’. களவியல், தலைவன் மேம்பட்டவனாயினும் குற்றமில்லை என்கிறது. தலைவி மேம்பட்டவளாயின் என்ன என்று அது கூறவில்லை. கோர்டீலியா போன்ற கலத்தலைவி அவ்விடைவெளியில் நிற்கிறாள்.

இதற்கு இரு வழிகள் உள்ளன. கதைசொல்லியின் கூற்றில் இறுதிவரை ‘அவர்’ என்பதைக் காத்து, காதலனின் நினைவோட்டத்தில் மட்டும் ‘அவள்’ எனல் ஒன்று. இருவரையும் தொடக்கம் முதலே ‘அவன்’, ‘அவள்’ எனச் சமமாக வைத்துப் பதவி மரியாதையை உரையாடலுக்கு மட்டும் ஒதுக்குதல் மற்றொன்று. முதல் வழி ஆணையின் கனத்தைக் காட்டும். வாசகருக்கு ‘அவள்’ வரும் ஒவ்வோரிடமும் விதிமீறலாகப் படும். இரண்டாவது எளிது, ஆனால் விலக்கின் அழுத்தம் குறையும். விலக்கே கதையின் உயிரான நூலுக்கு முதல் வழியே தக்கது.

பதவிப் பெயர்களைக் குறித்து அதிகம் கூற வேண்டியதில்லை. ‘கேப்டன்’, ‘மேஜர்’, ‘கர்னல்’ ஆகியன தமிழ்நாட்டு வாசகர்க்குப் பழகியவை. ஈழ வழக்கில் ‘கப்டன்’, ‘கேணல்’. ஆரல் காதலியின் பதவிப் பெயருக்கு முன் அன்புச் சொல்லொன்றைச் சேர்த்தே அவளை அழைக்கிறான். தமிழில் ‘அன்புள்ள’ என்று தொடங்கினால் அது கடிதமாகிவிடும். ‘என் கேப்டன்’ என்பது அதனினும் நெருக்கமானது.