உயிலில் இல்லாத பெயர்கள்

'உயில்' என்பது தமிழ்ச் சொல்லன்று. ஆங்கிலத்தில் 'வில்' என வழங்குவதே நம் நாவில் உயிலாயிற்று. மரண சாசனம் என்பாரும் உளர். சொத்து யாரைச் சேரவேண்டும் என்று கூறவே அஃது எழுதப்படுகிறது. குடிவழியைப் பின்னோர்க்கு அறிவிப்பதற்கன்று. பழைய நிலக்கிழார் குடும்பங்களின் வரலாற்றைத் தேடுவோர் இவ்வேறுபாட்டை மறந்துவிடலாகாது.

தெலுக் இந்தானைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களில் இத்தேடல் எளிதன்று. பெருந்தோட்டங்கள் பலவும் கம்பெனிகளுக்கு உரியனவாயிருந்தன. கம்பெனிக்கு ஏது கொடிவழி? மேலும், பேராக்கில் நில அலுவலகப் பதிவேடே உரிமைக்குச் சான்று. பழைய பத்திரங்களைக் கட்டிக் காக்கவேண்டிய தேவை இல்லை. பினாங்கில் நிலைமை வேறு. 1960களில் முறை மாறும்வரை, நிலத்தை விற்பவர் அது தமக்கு வந்த வழியைப் பத்திரத்திலேயே காட்டவேண்டும். இன்னார் வாங்கினார், இறந்தார், இன்னின்னார் வாரிசு என்று ஒவ்வொரு பத்திரமும் முன்கதையைச் சொல்லிச் செல்லும். தமிழகத்தில் மூலப்பத்திரம் பார்ப்பதை நினைத்துக்கொள்க.

பினாங்கின் புகழ்பெற்ற தமிழ் முஸ்லிம் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காதர் முகைதீன் மரைக்காயர் 'கப்பித்தான் கிளிங்' என்னும் பதவி பெற்றவர். 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனி தமிழ் முஸ்லிம்களுக்கு வழங்கிய நிலத்தில் எழுந்த பள்ளிவாசல் இன்றும் அப்பதவிப் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் மறைந்த ஆண்டு 1834.

இவரைத் தேடுவோர்க்கு முதல் இடர்ப்பாடு பெயரே. காதர் என்பதை ஆங்கில எழுத்தர்கள் தத்தம் செவிக்கு எட்டியவாறெல்லாம் எழுதினர். 'முகைதீன்' ஓரிடத்தில் 'மைதீன்' ஆகும். மரைக்காயர் 'மெரிக்கன்' ஆயினர். அமெரிக்கரோ என்று மயங்குவாரும் உண்டு! பத்திரத்தின் அடியில் தமிழ்க் கையொப்பம் இருக்குமாயின், எழுத்தரின் எழுத்துக்கூட்டலை விட்டு அதனையே நம்புக.

இரண்டாவது, பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம். பெயரன் என்பதே பேரன் ஆயிற்று என்பதைத் தமிழாசிரியர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நாற்பது ஆண்டு இடைவெளியில் ஒரே பெயர் இருமுறை வந்தால் அவர் ஒருவரா, இருவரா என்று கேளாமல் மேற்செல்லலாகாது. உறவுச் சொல்லும் அவ்வாறே. அண்ணன் மகனையும் நாம் மகன் என்றே அழைக்கிறோம். அச்சொல்லை அப்படியே பெயர்த்து எழுதிய எழுத்தர், பெற்ற மகனையும் அண்ணன் மகனையும் ஒன்றாக்கிவிடுவார். பெரியப்பா அப்பாவாகிவிடுவதும் உண்டு.

எல்லாவற்றினும் பெரிய சிக்கல் சட்டத்தால் வருவது. இஸ்லாமியச் சட்டப்படி ஒருவர் தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் உயிலால் வழங்கலாம். எஞ்சியது வாரிசுகளுக்கு, பிள்ளைகளுள் மகளுக்கு ஒரு பங்கெனில் மகனுக்கு இரண்டு. ஆகவே பாகப்பிரிவினை ஆவணத்தில் பெண்மக்கள் பெயரும் வந்தே தீரும். ஆனால் 1807ஆம் ஆண்டு நீதிச் சாசனத்தின் வழியே பினாங்கிற்கு வந்தது ஆங்கிலச் சட்டம். 1871இல் ஃபாத்திமா முதலானோர்க்கும் லோகன் முதலானோர்க்கும் நடந்த வழக்கில், முஸ்லிம் எழுதிய உயிலுக்கும் அச்சட்டமே செல்லும் என்று நீதிபதி ஹாக்கெட் தீர்ப்பளித்தார். அதன்படி ஒருவர் தம் சொத்து முழுவதையும் விரும்பியவர்க்கு எழுதிவைக்கலாம். விரும்பாதவரை விட்டும் விடலாம்.

இதனால் குடிவழி தேடுவோர்க்கு விளைவது யாது? உயிலில் ஒரு மகள் பெயர் இல்லையெனில் அப்படி ஒரு மகளே இல்லை என்று முடிவுகட்டலாகாது. முன்பே சீர்வரிசையோடு பங்கும் கொடுத்து அனுப்பியிருக்கலாம்; மனத்தாங்கலும் இருந்திருக்கலாம். இங்கேதான் வழக்குக் கட்டுகள் கைகொடுக்கின்றன. விடுபட்டவர்தாமே நீதிமன்றம் ஏறுவார்? ஏறியதும், தாம் யார் மகள், தாயார் யார், உடன்பிறந்தோர் எத்தனை பேர் என்று சொல்லியாக வேண்டும். ஒற்றுமையாய் வாழ்ந்த குடும்பத்தைக் காட்டிலும் சண்டையிட்ட குடும்பத்தின் கொடிவழியே நமக்குத் தெளிவாகக் கிடைக்கிறது என்பது வேடிக்கையன்றோ!

"எங்களுக்கு நிலமே இல்லையே, ஐயா, நாங்கள் எதைப் பார்ப்பது?" என்று தோட்டத்துப் பிள்ளைகள் கேட்பதுண்டு. பாட்டியின் பிறப்புப் பத்திரத்தைத் தேடச் சொல்வேன். பிறந்த இடமாகத் தோட்டத்தின் பெயரும், தந்தை பெயரும் அதில் இருக்கும். எழுத்துக்கூட்டல் பிழையாகவே இருக்கும். அதைத் திருத்தாமல், உள்ளது உள்ளபடியே நோட்டில் எழுதிவரச் சொல்வேன்.