தொண்ணூற்றொன்பது பூக்களும் ஓர் ஆயாவும்

ஐப்பசி மழை விட்டிருந்தது. கள்ளக்குறிச்சியில் புறப்பட்ட பஸ், கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலையின் வளைவுகளில் முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து ஸீட்டில் ஒரு கல்லூரி மாணவி. தீபாவளி லீவுக்கு வெள்ளிமலைப் பக்கம் வீட்டுக்குப் போகிறாள். மடியில் இரண்டு புத்தகங்கள். ஒன்று தாவரவியல், மற்றொன்று தமிழ்ச் செய்யுள்.

வேலியில் ஒரு கொடி செக்கச் செவேலென்று பூத்திருந்தது. "என்ன பூ அது?" என்றேன்.

"குளோரியோசா சுபர்பா, அக்கா!" என்றாள் சட்டென்று.

"தமிழில்?"

"கண்வலிக்கிழங்கு. எங்க ஆயா தொடவே விடமாட்டாங்க. கிழங்கு விஷம்."

"உன் செய்யுள் புத்தகத்தில் காந்தள் வருகிறதல்லவா? அதுவும் இதுவும் ஒன்றுதான்" என்றேன். அவள் நம்பவில்லை. "குறிப்பில் 'ஒருவகை மலர்'னுதானே போட்டிருக்கு?"

குற்றம் அவளுடையது அல்ல. நம் கல்லூரிகளில் விஞ்ஞானம் படிப்பவர்களும் முதல் இரண்டு வருஷம் தமிழ் படிக்கிறார்கள். ஒரு மணி நேரம் காந்தள். அடுத்த மணி நேரம் குளோரியோசா. நடுவில் மணி அடிப்பதோடு சரி. வாசல் பலகையில் 'கலை மற்றும் அறிவியல் கல்லூரி' என்று எழுதியிருக்கிறதே, அந்த 'மற்றும்' பலகையை விட்டு இறங்கி உள்ளே வருவதே இல்லை!

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. விஞ்ஞானியாகவும் நாவலாசிரியராகவும் இருந்த ஸி. பி. ஸ்நோ, இலக்கியம் படித்தவர்களும் விஞ்ஞானம் படித்தவர்களும் ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாமல் இருக்கிறார்கள் என்று 1959-இல் கேம்பிரிட்ஜில் பேசி, பெரிய சர்ச்சையைக் கிளப்பினார்.

கபிலரைக் கேட்டால் சிரித்திருப்பார். குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை மூச்சு விடாமல் அடுக்கியவர் அவர். உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889-இல் பதிப்பிப்பதற்காக ஏடுகளைப் பார்த்தபோது, சில பூக்களின் பெயர்கள் உதிர்ந்து போயிருந்தன. தேடி அலைந்து, தருமபுரம் ஆதீனத்து ஏட்டில் அவற்றைக் கண்டுபிடித்தார். பெயர் கிடைத்துவிட்டது, செடி? அதற்குத் தாவரவியல் தெரிந்தவர் வேண்டும். பி. எல். சாமி சங்க இலக்கியச் செடி கொடிகளை ஆராய்ந்தார். கு. சீநிவாசன் எழுதிய 'சங்க இலக்கியத் தாவரங்கள்' 1987-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் வெளியீடாக வந்தது.

காந்தளைப் புலவர்கள் பெண்களின் விரலுக்கு உவமை சொன்னார்கள். தாவரவியல்காரர் அதே பூவைப் பார்த்து, இதழ்கள் மேல்நோக்கி வளைவதையும், மஞ்சளாகத் தொடங்கிச் சிவந்து போவதையும், இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பி ஆவதையும் சொல்கிறார். ஆயாவின் விஷத்தில் இருப்பது கோல்ச்சிசின். அளவோடு கொடுத்தால் 'கவுட்' என்ற மூட்டு வலிக்கு மருந்து. மூன்று பேரும் பார்த்தது ஒரே பூ. ஆனால் எல்லாப் பூவும் இப்படிச் சாதுவாகப் பிடிபடுவதில்லை. மோந்தால் வாடும் அனிச்சம் இன்ன செடிதான் என்று இன்னும் ஒரு முடிவு இல்லை.

கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் வசம் இருந்தது. பள்ளிக்கூடம் மெள்ளத்தான் மலையேறியது. சாமை விதைத்து, கடுக்காய் பொறுக்கிய மலையாளிப் பழங்குடிப் பெண்களின் வாயில் எத்தனையோ செடிப் பெயர்கள். தமிழ் மாணவி பெயரை எழுதி வருவாள். செடி இன்னது என்று சொல்லத் தெரியாது. தாவரவியல் மாணவி செடியைப் பறித்து, காகிதத்தில் அழுத்தி, லத்தீன் பெயரை எழுதுவாள். ஆயா சொன்ன பெயர் மலையிலேயே நின்றுவிடும்.

"எனக்குத் தமிழ் எடுக்கத்தான் ஆசை. வீட்டிலே ஸயன்ஸ்தான் வேலை கொடுக்கும்னுட்டாங்க" என்றாள் அவள். சற்று நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்தத் தொண்ணூற்றொன்பதில் எங்க மலையிலே எத்தனை இருக்கும், அக்கா?"

"உன் ஆயாவைக் கேளேன்."

"ஆயாவுக்குக் கண்ணு மங்கிப் போச்சு. கையிலே கொடுத்தா, தொட்டும் மோந்தும் சொல்லுவாங்க."

"அப்படியானால் இந்த லீவிலேயே ஆரம்பித்துவிடு" என்றேன்.

அவள் ஊர் வந்துவிட்டது. இறங்கியவள் வேலியோரம் குனிந்து, புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எதையோ பறித்துக்கொண்டிருந்தாள். பஸ் வளைவில் திரும்பிவிட்டது.